பேன் சாகாத சோப்பு

என் வீட்டுக்காரர் சம்பவநாதன் சோப்பு காய்ச்சுகிறவர். நல்ல மனிதர். நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துவது எத்தனை கஷ்டம் என்று கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஓர் ஓட்டுக் கொட்டகை இருந்தது. அதில் பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று, சோப்பை ஊற்றி ஆறவைக்க நாலு மரப்பெட்டி, கொப்பரையைக் கவனிக்கப் பச்சைமுத்து, எல்லோரையும் கவனிக்க நான். ராஜகிரி சோப்பு என்று பெயர். மேல்தாளில் மலைக்கோட்டைப் படம் கொஞ்சம் கோணலாக இருக்கும். அச்சுக்கூடத்துக்காரர் ஜன்னலைத் திறந்தால் எதிரே அந்த மலைதான். இருந்தும் கோணலாகத்தான் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் சோப்பு என்றால் கடலை எண்ணெய் சோப்பு. சுற்றிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகள். செக்கில் ஆட்டிய எண்ணெயைக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரோடு காய்ச்சினால் சோப்பு ஆகிவிடும். எண்ணெய் ஊரிலேயே கிடைத்தது. காஸ்டிக் சோடா மட்டும் சர்க்கார் பெர்மிட் இருந்தால்தான் கிடைக்கும். அந்தப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவர் கடலூரில் இருந்தார். ஆகவே எங்கள் வீட்டு உலை கடலூரில்தான் கொதித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்துநாலு ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், அந்தக் கையெழுத்துக்காரரே ஜீப்பில் வந்து இறங்கினார். கோதண்டராமன் என்று பெயர். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். யார் வீட்டிலும் காபிகூடக் குடிக்கமாட்டார் என்று கேள்வி.

"நைனாரே, மல்லாட்டை எண்ணெய் இன்னா விலை விக்குது தெரியுமில்ல?" என்றார். எங்கள் ஜைனக் குடும்பங்களை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "தாளிக்கிறதுக்கு எண்ணெய் இல்லாம ஜனங்க திண்டாடறாங்க. நீங்க அதைக் கொப்பரையில ஊத்தித் துணி தோய்க்கறீங்க. இனிமே அது ஆகாது. திங்கிற எண்ணெய் பாதி, திங்காதது பாதி. அப்பதான் காஸ்டிக்குக்குப் பெர்மிட். மார்ச் கடைசியில வந்து பாப்பேன். காய்ச்சினா மட்டும் போதாது, வித்திருக்கணும். கொட்டாயில அடுக்கி வெச்சிட்டு எனக்குக் காட்டக்கூடாது."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கடலை எண்ணெய் வாங்கித் தாளிக்கிறவள் நானும்தானே. அதோடு, அதற்கு ஒரு வழியையும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஜீப்பிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்த கொழுப்பு. கப்பலில் வருகிறதாம், விலை மலிவாம், திண்டிவனத்துச் சோப்புக்காரர்கள் எல்லாம் இதையே வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பச்சைமுத்து விரலால் தொட்டுப் பார்த்து, "நல்லா கெட்டியா வரும் மொதலாளி, சோப்பு கல்லு மாதிரி நிக்கும்" என்றான்.

என் வீட்டுக்காரர் இரண்டு அடி பின்னால் போய் நின்றார். "இன்னா கொழுப்பு சார் இது?"

"மாடு இருக்கும், ஆடு இருக்கும். உங்களைத் திங்கவா சொல்றேன்? துணிக்குத்தானே."

"நம்ம கொட்டாய்க்கு வேணாம் சார்."

கோதண்டராமன் கோபித்துக்கொள்ளவில்லை. டின்னை மூடினார். "வேப்பெண்ணெய் இருக்குது, இலுப்பை இருக்குது, புங்கம் இருக்குது. எதுல வேணா காய்ச்சுங்க. பாதி ஆகணும், விக்கணும். இல்லைன்னா பெர்மிட்டை நான் வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கவேண்டியிருக்கும். அதுல எனக்கு ஒண்ணும் சந்தோசம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

பெர்மிட் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். கொட்டகையைப் பூட்டிவிட்டு மெட்ராஸ் போய் என் அண்ணனுடைய பாத்திரக்கடையில் இவர் எவர்சில்வர் தட்டு துடைத்து அடுக்கவேண்டும். அண்ணன் ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. கொப்பரை முன்னால் நிற்கும்போது இவர் முகத்தில் ஒரு களை இருக்கும். பாத்திரக்கடையில் அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

கார்த்திகையில் கடலை எண்ணெயோடு பாதிக்குப் பாதி வேப்பெண்ணெய் கலந்து சோப்பு காய்ச்ச ஆரம்பித்தோம். வேப்பங்கொட்டையை ஊர் ஊராக வாங்கிச் செக்கில் கொடுத்தோம். செக்குக்காரர் முதல் நாளே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார். சோப்பு சாணி நிறத்தில் வந்தது. நாற்றத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. திண்டிவனம் பஸ் எங்கள் கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் படுதாவை இறக்கினார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கடைக்காரர்கள் ஒரு பெட்டி வாங்கி மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். மார்கழி பாதி வரைக்கும் சோப்பு கொட்டகையில் சுவர் மாதிரி உயர்ந்துகொண்டே போனது. பச்சைமுத்து அதன்மேல் துண்டை விரித்து மத்தியானம் தூங்கினான்.

அப்போதுதான் அம்மாக்கண்ணு வந்தாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை கூடை வைத்து வளையல், ரிப்பன், சீப்பு விற்கிறவள். அவள் வாய் ஒரு சந்தைக்குச் சமம். "எனக்குக் குடு நைனாரம்மா, நான் வித்துக் காட்டறேன். வேப்பிலை ஆத்தாளுது. அங்க வந்து வேணாம்னு சொல்லுவாங்களா?" என்று மார்கழி அமாவாசைக்கு ஒரு கூடை எடுத்துப் போனாள். காலிக் கூடையோடு திரும்பினாள்.

தை அமாவாசைக்கு ஆறு கூடை கேட்டாள். எனக்குச் சந்தேகம் வந்தது. பக்தி ஒரு கூடை வாங்கும், ஆறு கூடை வாங்காது. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"பேனும்மா!" என்றாள் கண்ணை உருட்டிக்கொண்டு. "தலைக்குப் போட்டு ஊறவெச்சிக் குளிச்சா பேனெல்லாம் பொலபொலன்னு உதுருது. ஒண்ணு உசுரோட இல்ல. பொம்பளைங்க பேன் சோப்பு, பேன் சோப்புன்னு பறக்கறாளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீடுகளில் பேனை நகத்தில் வைத்து நசுக்கமாட்டோம். சீப்பில் வந்ததை உதிர்ந்த முடியோடு சேர்த்து எடுத்துப்போய்க் கொல்லையில் நிழலில் விட்டுவிடுவோம். குடிக்கிற தண்ணீரையே துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதைத் திரும்பக் கிணற்றிலேயே விடுகிற மனிதர் இவர். ஆட்டுக் கொழுப்பு வேண்டாமென்று ஆபீசரையே திருப்பி அனுப்பியவர். இவருடைய சோப்பு மலையனூரில் அமாவாசைக்கு எத்தனை லட்சம் உயிரைத் தீர்க்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்.

நான் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுவிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். மார்ச் கடைசி வரைக்கும்தான், பெர்மிட் கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தப்பு என்று தெரிந்துதான் செய்தேன். இவரோ ஒன்றும் தெரியாமல், "பாத்தியா நீலா, நல்லது எதுன்னு ஜனங்களுக்குத் தெரியுது" என்று பூரித்துப் போனார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மாசித் திருவிழாவில் கொட்டகை துடைத்துவிட்டது போலக் காலியானது. மூன்றாம் நாள் அம்மாக்கண்ணு வந்தாள். நான் வீட்டில் இருந்தேன். அவள் நேராகக் கொட்டகைக்குள் போய், கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த இவரிடம், சந்தோஷம் தாங்காமல், "மொதலாளி, உன் சோப்பு கொன்னு குவிச்சிடிச்சி!" என்றாளாம். சத்தியம் செய்த நினைவு அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

பச்சைமுத்து ஓடிவந்து கூப்பிட்டான். நான் போகும்போது இவர் துடுப்பை வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டு, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தை அமாவாசையிலேர்ந்து."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் கையில் ஒட்டிய சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதனால் நானே ஆரம்பித்தேன். "கொழுப்பு வேணாம்னீங்க, சரின்னேன். ஊர் முழுக்க மூக்கைப் பொத்திச்சி, பொறுத்துக்கினேன். இப்ப ஒரு பேனுக்காகக் கொட்டாயை மூடணுமா? இன்னும் மூணு வாரத்துல அந்த ஆபீசர் வராரு."

"ஆடு பெரிசு, பேன் சின்னது. அதுக்காக உசுருமா சின்னதாயிடும்?" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஜைனப் பெண்ணாய்ப் பிறந்த எனக்கே அவர் பாடம் நடத்துகிறாரே என்றுகூட இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும், அதுதான் ஆத்திரம்.

மறுநாள் காலை இவர் ஒரு வெள்ளைத் தாளும் பித்தளைத் தட்டும் எடுத்துக்கொண்டு அம்மாக்கண்ணு முன்னால் போய் நின்றார். "ஒரு ஆறு பேன் வேணும்" என்றார். ஜில்லாவிலேயே இப்படிக் கடன் கேட்ட முதலாளி இவர் ஒருவர்தான். அம்மாக்கண்ணு வெட்கப்படவில்லை. கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். "ஆறு போதுமா மொதலாளி? அறுபது கூட இருக்குது."

ஆறு பேனையும் சோப்பு நுரையில் அரைமணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, தாளில் வரிசையாக வைத்தார். ஒன்றும் அசையவில்லை. "கண்ணால பாத்தாச்சில்ல, எழுந்து வாங்க" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. பத்து மணியானது, பன்னிரண்டு ஆனது. பச்சைமுத்துவும் வேலையை விட்டுவிட்டு வந்து குந்தினான். மூன்று மணிக்கு ஒரு பேன் காலை ஆட்டியது.

"சாவலடி நீலா! மயக்கம்தான்!" இவர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றது.

நாலு மணிக்குள் நாலு எழுந்துவிட்டன. இரண்டு எழுந்திருக்கவில்லை. இவர் முகம் மறுபடி சுருங்கிப்போனது. "அதுங்க ரெண்டும் ஏற்கெனவே வயசானதுங்க மொதலாளி, எனக்குத் தெரியும்" என்று அம்மாக்கண்ணு சமாதானம் சொன்னாள். இவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

காய்ச்சுகிற முறையை மாற்ற உட்கார்ந்தார். சோப்பு கூடிவரும்போது கொப்பரையில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் சோப்பு மேலே மிதக்கும், கறுப்புத் தண்ணீர் அடியில் தங்கும். அதைத் திறந்துவிட்டால் எண்ணெயின் கசப்பும் நாற்றமும் அதோடு கொஞ்சம் போகும். நாங்கள் ஒருமுறைதான் அப்படிச் செய்துகொண்டிருந்தோம். இவர் நாலு முறை செய்தார். வேப்பெண்ணெயைக் குறைத்து அந்த அளவுக்கு இலுப்பை எண்ணெயைக் கூட்டினார். இரண்டும் திங்காத எண்ணெய்தான், ஆகவே சர்க்கார் சொன்ன பாதி பாதியாகவே இருந்தது. விறகு ஒன்றுக்கு இரண்டாகச் செலவானது. பச்சைமுத்து, "பேனுக்குப் பிரசவம் பாக்கற மாதிரி இருக்குது" என்று முணுமுணுத்தான். ஆனால் ஐந்தாம் நாள் பெட்டியைப் பிரித்தபோது சோப்பு வெளுத்த மஞ்சளாக வந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். லேசாக வேப்பம் வாசனை. முகத்தைச் சுளிக்கவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அம்மாக்கண்ணு கொடுத்த ஆறு பேனும் மாலைக்குள் எழுந்து தாளை விட்டே நடந்துவிட்டன. அவற்றை அவள் திரும்பத் தலையில் விட்டுக்கொள்ளாமல் தடுக்க நான்தான் மல்லுக்கட்டவேண்டியிருந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இவர் நிறுத்துகிற ஜாதியா? ரப்பர் முத்திரை ஒன்று செய்து வாங்கிவந்து, கோட்டைப் படத்துக்குக் கீழே ஒவ்வொரு தாளிலும் தன் கையாலேயே குத்தினார்: 'இந்தச் சோப்பு பேனைக் கொல்லாது. மயக்கும். சீப்பால் வாரி நிழலில் விடவும்.'

"தான் இன்னா செய்யாதுன்னு போட்டு யாராவது சாமான் விப்பாங்களா?" என்று கத்தினேன்.

"கொல்லும்னு நெனச்சி வாங்கறாங்க. அது பொய்யில்லயா?" என்றார்.

வாரச்சந்தையில் தானே போய் நின்று கூவவும் செய்தார். அதுவரை சந்தையில் வாயைத் திறந்து பேரம்கூடப் பேசாதவர், "பேன் சாகாது! பேன் சாகாது!" என்று கூவினார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவரவர் சரக்கு எதை எதைச் செய்யும் என்று கூவுகிற சந்தையில் இது புதுசு. சிரிக்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்தார்கள். முகர்ந்தவர்களில் பாதிப் பேர் துணிக்கென்று இரண்டு கட்டி வாங்கிப் போனார்கள். அடுத்த சந்தைக்கு அவர்களே தேடி வந்தார்கள். ஆனாலும் நாள் போதவில்லை. மார்ச் கடைசியில் ஜீப் வந்து நின்றபோது மூன்றில் ஒரு பங்கு சோப்பு இன்னும் கொட்டகையில்தான் இருந்தது.

கோதண்டராமன் எண்ணெய் டின்களைத் தட்டிப் பார்த்தார். ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தார், நக்கிக்கூடப் பார்த்தார். அடுக்கியிருந்ததை இரண்டு தடவை எண்ணினார். "பாதி பண்ணியிருக்கீங்க. சோப்பும் நல்லா இருக்குது. ஆனா இவ்ளோ நிக்குதே நைனாரே. நடுவுல அடுப்பையே அணைச்சிட்டீங்கன்னு வேற சொல்றாங்க. ஏன்?"

இவர் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பேன், மயக்கம், உப்புத் தண்ணீர், முத்திரை எல்லாம். கோதண்டராமன் சிரிக்கவில்லை. மேல்தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பெர்மிட் தாளை எடுத்துப் பெட்டிமேல் விரித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடினார்.

"எனக்கு மூணு பொண்ணுங்க" என்றார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "மூணு பேருக்கும் தலை நிறையப் பேன். ஸ்கூல்லேர்ந்து வாங்கியாந்துடுதுங்க. ரெண்டு கட்டி குடுங்க. காசு குடுத்துதான் வாங்குவேன்." பையில் கையை விட்டார்.

இவர் இரண்டு கட்டியை எடுத்தார், நீட்டவில்லை. "சார், ஒரு வார்த்தை. வாரினதை நசுக்காம நிழல்ல விடுவேன்னு சொல்லணும்."

"நான் சொல்லலாம். பேன் பாக்கறது நானா? என் பொண்டாட்டி. நகத்துல வெச்சி நசுக்கறதுன்னா அவளுக்கு உசுரு. அவளுக்காக நான் எப்படி வாக்கு குடுக்கறது?"

பெட்டிமேல் பெர்மிட் கையெழுத்தில்லாமல் கிடந்தது. சோப்பு இவர் கையில் இருந்தது. பச்சைமுத்து மேலே ஓட்டைப் பார்த்தான். கோதண்டராமனின் முகம் லேசாகச் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. ரெண்டு கட்டி சோப்பு."

ஒரு மாதம் பொய்யை மூடி வைத்தவள் நான். இரண்டு வாரமாக அந்த முத்திரையைத் திட்டாத நாள் இல்லை. குடுத்துத் தொலையுங்களேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே இவர் சோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு பேனுக்காகப் பகல் முழுக்கக் குந்தியிருந்த மனிதர், சந்தையில் தொண்டை கட்டக் கூவிய மனிதர். பாத்திரக்கடைக்குப் போனாலும் போகட்டும், இவரை நான் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது.

"வாக்கு குடுத்துட்டு வாங்கிக்குங்க சார்" என்றேன். "ஊட்டம்மாவுக்குச் சொல்றது உங்க பாடு. இல்லைன்னா கடலூர்ல வேற சோப்பு கிடைக்கும்."

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. கோதண்டராமன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பெர்மிட்டைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரில் யாருக்கு அதிகம் வியர்த்தது என்று தெரியவில்லை.

"ஜில்லாவுல இருக்கிற சோப்புக்காரங்க எல்லாரும் நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெட்டி கட்டி ஜீப்புல ஏத்துவாங்க. இறக்கி வெக்கறதே எனக்கு வேலை" என்றார். "காசு குடுத்து ரெண்டு கட்டி கேட்டு இல்லைன்னு சொன்னது இந்தக் கொட்டாய்லதான்." பிறகு சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. இவர் கையில் அடித்து, "சரி, வாக்கு. வாரற அன்னிக்கு நானே பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். காசை எண்ணி வைத்தார். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார். நிற்கிற சரக்கு சித்திரைக்குள் போய்விடவேண்டும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினார். போகும்போது எங்கள் வீட்டுக் காபியையும் குடித்தார்.

ஜீப் போனதும் பெர்மிட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பெட்டிமேல் உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் நீலா அப்படிச் சொன்னே? அப்ப கையெழுத்து ஆவலியே."

"உங்களுக்காகத்தான். நீங்க புடிச்சிக்கினு நின்னீங்க. நான் விட்டுட்டா நல்லா இருக்குமா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு வேட்டியில் ஒட்டியிருந்த சோப்புத் தூளைத் தட்டினார். "நான் எங்க புடிச்சிக்கினு நின்னேன்? குடுத்துடலாம்னு கையை நீட்டப் போனேன். அதுக்குள்ள நீ சொல்லிட்டே. நீயே சொன்னப்புறம் நான் எப்படிக் குடுக்கறது?"

கையில் கிடைத்ததை எடுத்து அவர்மேல் எறிந்தேன். நல்லவேளை, அது அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த ஈரச் சோப்பு. இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சிரித்தோம். பச்சைமுத்து எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, கொப்பரைக்கு நெருப்பு மூட்டப் போனான்.